பேட்டரி மூணு வருஷந்தான், கஸ்தூரி

கஸ்தூரிக் கண்ணுக்கு,

நலமா சௌக்கியமான்னு ஆரம்பிக்க எனக்கு வாய் வரல. உன் கொழுந்தன் கல்யாணத்தன்னிக்கு வேப்பம்பட்டுல உங்க வீட்டு வாசல்ல என்னை ஒரு பார்வை பாத்துட்டு உள்ள போனவ, அதுக்கப்புறம் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. தீபாவளிக்கும் வரல. நேத்து தபால்காரர் உன் கடுதாசியைக் கொடுத்தப்ப உங்கம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோட ஓடி வந்தா. பிரிச்சுப் பாத்தா, குழந்தைக்குச் சளி, கிணத்துல தண்ணி ஏறியிருக்கு, மாமியாருக்கு முட்டி வலின்னு எல்லாம் உங்கம்மாவுக்குத்தான். கடைசியில, மடிக்கிற இடத்துல, எனக்குன்னு ஒண்ணு எழுதியிருந்த. 'இவரும் இவரு தம்பியும் சேந்து பழைய கார் ஒண்ணு வாங்கி வாடகைக்கு உடப் போறாங்க. பேட்டரி எத்தினி வருசம் வரும், எப்ப மாத்தணும்னு நைனாவ எழுதச் சொல்லு.' அவ்வளவுதான்.

உங்கம்மா அதைச் சத்தமாப் படிச்சுட்டு என் மூஞ்சியப் பாத்தா. எனக்கு எங்க பாக்கிறதுன்னே தெரியல. ஊர்ல எத்தனையோ பேட்டரிக் கடை இருக்கு, ஆவடியிலேயே இருக்கு. என்னைப் பாத்து, அதுவும் நீ, இந்தக் கேள்வியக் கேட்டா நான் என்னன்னு எடுத்துக்கிறது? குத்திக் காட்டுறியா, இல்ல மாப்பிள்ளை நெசமாவே கேக்கச் சொன்னாரா? உங்கம்மாகிட்ட கேட்டேன். "கேட்டுச்சே, அதுவே பெரிசு. கொழந்த எப்படிக் கேட்டா உனக்கின்னா? ஒழுங்கா பதில் எழுது. பெருமை பீத்திக்காம எழுது"ன்னு சொல்லிட்டு கரண்டியோட உள்ள போயிட்டா. அவ சொன்னா சரிதான். அதனால பேசுற மாதிரியே எழுதுறேன். பீத்திக்காம.

மூணு வருஷம், கண்ணு. நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு கார் பேட்டரி மூணு வருஷந்தான். வாடகை வண்டி, தினம் ஓடுது, டைனமோ நல்லா இருக்கு, மாசம் ரெண்டு தடவை மூடியைத் திறந்து பேட்டரித் தண்ணி பாத்து ஊத்துறாங்கன்னா இன்னும் கொஞ்சம் இழுக்கும். வண்டியை வாங்கி மரத்தடியில நிறுத்திட்டு கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் மட்டும் எடுத்தா அதுவும் வராது. ஓடாத வண்டியிலதான் பேட்டரி சீக்கிரம் சாகும். உள்ள பிளேட்டு மேல உப்புப் பூத்தாப்பல வெள்ளையா படிஞ்சுடும், அப்புறம் எத்தனை சார்ஜ் ஏத்தினாலும் பிடிக்காது. மாப்பிள்ளைகிட்ட இதைச் சொல்லு. வேலை இல்லாத நாள்லகூட வண்டியை எடுத்து திருநின்றவூர் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வரச் சொல்லு.

எப்ப மாத்தணும்னா, அதுவே சொல்லும். ஒரே நாள்ல செத்துப் போற சமாச்சாரம் இல்ல இது. காலையில செல்ஃப் எடுக்கும்போது சட்டுனு பிடிக்காம, சோம்பேறிப் பையன் படுக்கையிலிருந்து எழுந்திருக்கிற மாதிரி முனகும். ஹெட்லைட்டைப் போட்டுட்டு செல்ஃப் எடுத்தா வெளிச்சம் அப்படியே சிவந்து அமுங்கும். ஹாரன் தொண்டை கட்டின மாதிரி கத்தும். தண்ணி ஊத்தின வாரமே திரும்பக் குறையும். ஆறு செல்லுல அஞ்சு நல்லா இருந்து ஒண்ணுல மட்டும் மீட்டர் வச்சுப் பாத்தா முள்ளு எழும்பாது. அந்த ஒண்ணு போச்சுன்னா எல்லாம் போச்சு. ராத்திரி முழுக்க சார்ஜ் ஏத்தி மாட்டினா காலையில ஒரு தடவை ஜம்முனு எடுக்கும். அதை நம்பக் கூடாது. அது ரெண்டாவது தடவை உன்னை நடுரோட்டுல உட்டுடும். இது எனக்கு எவ்வளவு நல்லாத் தெரியும்னு உனக்குத் தெரியும்.

இவ்வளவும் தெரிஞ்சவன் ஊரெல்லாம் என்ன சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்? "என் கைப்பட்ட பேட்டரி அஞ்சு வருஷம் நிக்கும்"னு. கரையான்சாவடி மெயின் ரோட்டுல கடை போட்ட புதுசுல வாய்தான் எனக்கு மூலதனம். லாரிக்காரங்க வருவாங்க, பூந்தமல்லி மண்டிக்காரங்க வருவாங்க, பங்களூர் ரோட்டுல போற கார்க்காரங்க வருவாங்க. எல்லாருக்கும் அதே பாட்டு. மூணு வருஷத்துல மாத்துறவன் சோம்பேறி, பேட்டரியக் கவனிக்கத் தெரியாதவன். நம்பலையா, வா, என் வண்டியைப் பாருன்னு கூட்டிக்கினு போய் பானெட்டைத் தூக்கிக் காட்டுவேன். பேட்டரி விக்கும்போது மேல இருக்கிற ஈயப் பட்டையில மாசத்தையும் வருஷத்தையும் உளியால தட்டிக் கொடுக்கிறது எங்க வழக்கம். என் கறுப்பு வண்டியில இருந்த பேட்டரியில நானே தட்டின வருஷம் பளிச்சுனு தெரியும். "பாத்துக்கோ, நாலு முடிஞ்சு அஞ்சு நடக்குது"ம்பேன். அவன் வாயைப் பொளப்பான்.

அவன் பாக்காதது, நீ பாத்தது. தினம் சாயந்திரம் கடை மூடும்போது அந்தப் பேட்டரியைக் கழட்டி உள்ள கொண்டு போய் சார்ஜ்ல போடுவேன். காலையில மாட்டுவேன். அப்படியும் நம்பிக்கை இல்லாம வண்டியை எப்பவும் ஏரிக்கரைச் சரிவுலதான் நிறுத்துவேன். செல்ஃப் எடுக்கலேன்னா பிரேக்கை விட்டா தானா உருண்டு வந்து ஸ்டார்ட் ஆயிடும். "ஏன் நைனா வெயில்ல அங்க கொண்டு போய் நிறுத்துற, கடை வாசல்ல நிழலு கீதே"ன்னு நீ கேட்டப்ப, காத்தோட்டமா இருக்கும்னு சொன்னேன். அப்ப உனக்குப் பாவாடை தாவணி வயசு. நீ சிரிச்ச. கடையில வளந்த பொண்ணு நீ, மீட்டர்ல முள்ளு எங்க நிக்குதுன்னு எனக்கு முன்னாடி உனக்குத் தெரியும். உங்கிட்ட போய் நான் காத்தோட்டம்னு கதை உட்டேன் பாரு.

உன் கல்யாணம் நிச்சயமானப்ப பொண்ணு மாப்பிள்ளையை என் வண்டியிலதான் கொண்டு போவேன், நானேதான் ஓட்டுவேன்னு ஒத்தக் கால்ல நின்னேன். பக்கத்து பஞ்சர் கடை கபூர் பாய் ஒரு வாரமா சொல்லிக்கினே இருந்தாரு. "அண்ணாத்தே, ஊருக்கெல்லாம் உபதேசம் பண்றே. உன் வண்டி பேட்டரி நைட்டெல்லாம் ஆசுபத்திரில படுத்துகினு கீது. பொண்ணு கல்யாணம், ஒரு புதுசு தூக்கிப் போட்டுக்கோ, யாரு பாக்கப் போறாங்கோ?" யாரு பாக்கப் போறாங்களா? எல்லாரும் பாப்பாங்க பாய்! முகூர்த்தத்துக்கு வர்றவன் பாதிப் பேரு என் கிராக்கி. நம்ம ஆளு அஞ்சு வருஷப் பேட்டரியில பொண்ணைக் கொண்டு போறான் பாருன்னு ஊரே பேசணும்னு நான் கணக்குப் போட்டு வச்சிருந்தேன். புதுசு மாட்டினா என் வாய் பொய்யாயிடும். கடையில ரெண்டு புதுப் பேட்டரி ரெடியா சார்ஜ் ஏத்தி வச்சிருந்தேன், கண்ணு. கைக்கெட்டின தூரத்துல. கையிலே இல்லாதவன் செஞ்சா அது கஷ்டம். வச்சுக்கிட்டே செஞ்சவனை என்னன்னு சொல்றது?

அன்னிக்குக் காலையில நீ தலைக்குக் குளிச்சுட்டு, முடியில துண்டைச் சுத்திக்கிட்டு கொல்லைப் பக்கம் வந்த. நான் பேட்டரிய மாட்டிக்கிட்டு இருந்தேன். நீ எட்டிப் பாத்துட்டு, "நைனா, இன்னிக்காச்சும் மாத்திடு நைனா"ன்னு மெதுவா சொன்ன. கேட்ட மாதிரி இல்ல, கெஞ்சின மாதிரி இருந்துச்சு. நான் "போ போ, நல்ல நாள்ல வாயை வைக்காத"ன்னு விரட்டினேன். பேட்டரி இல்லாம முன்னாடி சொருகிச் சுத்தி ஸ்டார்ட் பண்ற ஹேண்டிலைக்கூட வண்டியில வைக்கல. ஹேண்டில் வச்சிருந்தா பேட்டரிக்காரனுக்கே பேட்டரி மேல நம்பிக்கை இல்லேன்னு ஆயிடுமாம். அதுவும் கௌரவம்.

தாலி கட்டி, சாப்பாடு முடிஞ்சு, பந்தல் வாசல்ல வண்டி ஜம்முனு எடுத்துச்சு. என் முதுகுல ஆறு பேரு தட்டிக் கொடுத்தாங்க. பின்னாடி வேன்ல உன் மாமனார், மாமியார், அவங்க சொந்தக்காரங்க. ராகு காலத்துக்கு முன்னாடி வேப்பம்பட்டு வாசல்படி மிதிக்கணும்னு உன் மாமியார் பத்துத் தடவை சொல்லித்தான் ஏறினாங்க. ஆவடி தாண்டி ரோட்டோரப் பிள்ளையார் கோயில்ல சூடம் கொளுத்தி தேங்காய் உடைக்கணும்னு நிறுத்தச் சொன்னாங்க. நிறுத்தினேன். எஞ்சினை அணைக்காம விட்டிருக்கலாம். ஆனா என்னமோ வீறாப்பு, சாவியைத் திருப்பி அணைச்சேன். கும்பிட்டுட்டு வந்து நீயும் மாப்பிள்ளையும் ஏறி உக்காந்தீங்க. செல்ஃப் எடுத்தேன். க்ர்ர்… க்ர்ர்… அப்புறம் டக். அவ்வளவுதான். திரும்ப எடுத்தேன், வெறும் டக். எனக்குக் காது ரெண்டும் சூடாயிடுச்சு.

அப்புறம் நடந்ததை நீ மறந்திருக்க மாட்ட. ஃபேக்டரி ஷிப்டு முடிஞ்சு போற ஆளுங்க பஸ் பஸ்ஸா போறாங்க, ஜன்னல்ல தலையை நீட்டி விசில் அடிக்கிறாங்க. மாப்பிள்ளை பட்டு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, கழுத்துல மாலையோட இறங்கித் தள்ளுறாரு. சமதளம், சரிவு கிடையாது. உன் மாமனார் வந்து பானெட்டைத் தூக்கினாரு. அப்ப நான் ஒரு காரியம் செஞ்சேன். தோள்ல கெடந்த துண்டை எடுத்து, சூடா கீது தொடாதீங்கன்னு சொல்லி, பேட்டரி மேல போட்டேன். அந்த ஈயப் பட்டையில தட்டியிருந்த வருஷம் அவர் கண்ணுல படக் கூடாதுன்னு. எந்த வருஷத்தைக் காட்டி ஊரை ஏமாத்தினேனோ அதையே மூடினேன். டைனமோ ஒயர்ல ஏதோ கோளாறுன்னு முணுமுணுத்துக்கிட்டு கண்ட ஒயரைப் பிடிச்சு இழுத்தேன். முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்கிறவன்னு சொல்வாங்களே, அது நான்தான்.

வேன்லேருந்து உன் மாமியார் இறங்கி வந்தாங்க. உன்னைப் பாத்தாங்க, வண்டியைப் பாத்தாங்க. "காலைல நல்லா ஓடுன வண்டி. பொண்ணு ஏறி உக்காந்ததும் நின்னு பூடுச்சே, இன்னா ராசியோ"ன்னாங்க. மெதுவாத்தான் சொன்னாங்க. ஆனா எனக்குக் கேட்டுச்சு. உனக்கும் கேட்டுச்சு. நான் அங்கியே நிமிர்ந்து, அம்மா, இது செத்த பேட்டரி, தெரிஞ்சே போட்டேன், எம்பொண்ணு மாத்தச் சொன்னா நான்தான் கேக்கலேன்னு சொல்லியிருந்தா அதோட முடிஞ்சிருக்கும். கொஞ்சம் சிரிப்பாங்க. கடைக்கு நாலு பேர் வராம இருப்பான். அவ்வளவுதானே? என் வாய்தான் ஊரறிஞ்ச வாயாச்சே, அன்னிக்கு எங்க போச்சு அது? குனிஞ்சபடியே ஒயரை நோண்டிக்கிட்டு இருந்தேன். தள்ளித் தள்ளி ஒரு வழியா வண்டி எடுத்தப்ப ராகு காலம் பொறந்தாச்சு. ராகு காலத்துலதான் நீ அந்த வாசப்படி மிதிச்ச.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க? அந்த வருஷமே உன் மாமனார் சைக்கிள்லேருந்து விழுந்து கால் உடைச்சுக்கிட்டாரு. அடுத்த கோடையில கிணறு வத்திச்சு. அந்தச் சீமையில எந்தக் கிணறு கோடையில வத்தல? ஆனா உங்க வீட்டுக் கிணறு மட்டும் உன்னாலதான் வத்திச்சு. நீ எங்ககிட்ட எதுவும் சொல்லல. உங்கம்மாதான் வந்து போறவங்க வாயால கேட்டுக்கிட்டு வந்து அழுவா. "ஒரு வார்த்தை போய் சொல்லேன்யா, பேட்டரி செத்துப் போச்சுன்னு"ம்பா. நான், "அது இன்னாத்துக்கு இப்ப? பழைய கதை, மறந்துடுவாங்கோ"ன்னு சொல்லிட்டு கடைக்குப் போயிடுவேன். கடையில அப்பவும் அதே பாட்டுத்தான் பாடினேன், அஞ்சு வருஷம், அஞ்சு வருஷம்னு. உன் கல்யாணம் முடிஞ்ச மறுநாளே சத்தமில்லாம புதுப் பேட்டரி மாட்டிட்டு, பழைய வருஷத்தையே அதுல தட்டி வச்சேன். விழுந்தும் மீசையில மண் ஒட்டலேன்னு நிக்கிற ஜாதி நான். இதை உனக்கு இப்பத்தான் முதல் தடவை சொல்றேன்.

உன் கொழுந்தன் கல்யாணத்துக்கு வந்தேனே, வாசல்ல கல்யாண வண்டி நிக்குது, வாழைமரம் கட்டியிருக்கு, எல்லாரும் கூடியிருக்காங்க. உன்னைக் காணோம். மூத்த மருமக, நீதானே முன்னாடி நின்னு ஆரத்தி சுத்தணும்? உன் பொண்ணு, என் பேத்தி, புதுப் பாவாடையோட ஓடி வந்து என் கையப் பிடிச்சுக்கிச்சு. "அம்மா எங்கம்மா?"ன்னேன். "பின்னாடி கீது தாத்தா. அம்மா எதிர்க்க வந்தா வண்டி நின்னுடும். வண்டி போனப்புறம்தான் வரும்"னுச்சு. சாதாரணமா சொல்லுது. மழை வந்தா துணி எடுக்கணும்னு சொல்ற மாதிரி சொல்லுது. அந்தக் குழந்தை பொறந்ததுலேருந்து அதைத்தான் பாத்திருக்குன்னு எனக்கு அப்பத்தான் உறைச்சுது. இவ்வளவு வருஷமா அந்த வீட்டுல ஒரு வண்டி கிளம்புறப்பல்லாம் நீ கொல்லைப் பக்கம் போய் நின்னிருக்க. பஸ்ஸுக்குப் போறவங்க எதிர்லகூட நீ வரல. நான் கரையான்சாவடியில உக்காந்துகினு பேட்டரி வித்துக்கிட்டு இருந்திருக்கேன்.

அப்புறம் என்ன நடந்துச்சுன்னு எனக்கே முழுசா ஞாபகம் இல்ல. வண்டி முன்னாடி போய் நின்னு கத்தினேன். "அன்னிக்கு வண்டி நின்னதுக்கு எம்பொண்ணு காரணம் இல்ல. செத்த பேட்டரி. அஞ்சு வருஷத்துப் பேட்டரி. என் பெருமைக்காகத் தெரிஞ்சே போட்டேன், எல்லாம் என் வீம்பு"ன்னேன். உன் மாமனார்தான் கோலை ஊனிக்கிட்டு எழுந்து வந்தாரு. "இன்னா சம்பந்தி சொல்றீங்க? அன்னிக்கே எனக்கு சந்தேகம். நீங்க எஞ்சினை நோண்டினு இருந்தீங்க. பின்னாடி சீட்டுல உங்க பொண்ணுகிட்ட போய், ஏம்மா பேட்டரி பழசான்னு கேட்டேன். இல்ல மாமா, போன வாரந்தான் நைனா புதுசு போட்டாருன்னு அதுதானே சொல்லிச்சு? அதுக்கப்புறம்தானே நாங்க வேற மாதிரி நெனச்சோம்?"

கஸ்தூரி, எனக்கு அது தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது. கழுத்துல ஈரம் காயாத மாலையோட உக்காந்துக்கிட்டு, அன்னிக்குக் காலையிலதான் சொந்தமான மனுஷங்ககிட்ட, நீ வாழப் போற வீட்டு ஆளுங்ககிட்ட, அப்பன் மானம் போகக் கூடாதுன்னு முதல் வார்த்தையே பொய்யாச் சொல்லியிருக்க. அந்தப் பொய்யாலதான் பழி உன் தலையில வந்து உக்காந்துச்சு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பழசுதான் மாமான்னு சொல்லியிருந்தா நீ தப்பிச்சிருப்ப. அதை வச்சுக்கிட்டே இத்தனை வருஷம் கொல்லைப் பக்கம் நின்னிருக்க. பந்தக்காலைப் பிடிச்சுக்கிட்டேன்.

நீ சத்தம் கேட்டு முன்னாடி வந்துட்ட. எல்லாரும் உன்னைப் பாக்கிறாங்க, பொய் சொன்னவன்னு பாக்கிறாங்களா, பாவம்னு பாக்கிறாங்களான்னு எனக்குத் தெரியல. "ஆமா மாமா, நான்தான் பொய் சொன்னேன்"னு நீ தலை குனியாம சொன்ன. உன் மாமியார் உன் மூஞ்சியப் பாக்காமலே, "வா, வந்து முன்னாடி நில்லு. ஆரத்தி நீ எடு, வண்டி கெளம்பட்டும்"னாங்க. நான் நெனச்சேன், தீந்துச்சு, எல்லாம் சரியாப் போச்சுன்னு. நீ என்னைப் பாத்த ஒரு பார்வை! "இல்ல அத்தை, நான் பின்னாடியே நிக்கிறேன். வண்டி போவட்டும்"னு சொல்லிட்டு உள்ள போயிட்ட. வண்டி அதுபாட்டுக்குக் கிளம்பிப் போச்சு.

அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம்னு மூணு மாசமா யோசிக்கிறேன். ஏன் சொன்னன்னா? ஏன் இவ்வளவு நாள் கழிச்சு சொன்னன்னா? நீ உன் வாழ்க்கையக் கொடுத்துக் காப்பாத்தின என் மானத்தை நானே நாலு பேர் முன்னாடி தூக்கிப் போட்டு உடைச்சிட்டேன்னா? எல்லாமே இருக்கும். உங்கம்மா சொல்றா, "அவ காப்பாத்தினத நீ முன்னாடியே ஒடச்சிருந்தா அவ சந்தோசப்பட்டிருப்பா. எல்லாம் அனுபவிச்சு முடிச்சப்புறம் ஒடச்சியே, அப்ப அவ பட்டதெல்லாம் எதுக்கு?" மன்னிச்சுக்கோன்னு கேக்கவும் கூச்சமா இருக்கு. மன்னிப்புங்கிறது கால் மிதிச்சதுக்குக் கேக்கிறது. இதுக்கு என்ன கேக்கிறதுன்னு தெரியல.

உனக்குப் புத்தி சொல்ற யோக்கியதை எனக்கு இல்ல. ஆனாலும் அப்பன் வாய், சும்மா இருக்காது. ஒண்ணே ஒண்ணு சொல்றேன். இனிமே யாருக்காகவும் பழி சுமக்காத. எனக்காக வேணாம், மாப்பிள்ளைக்காக வேணாம், உன் பொண்ணுக்காகவும் வேணாம். நீ சுமக்கிற வரைக்கும் நாங்க சுமக்க விட்டுடுவோம். எங்க புத்தி அப்படி. உன் பொண்ணுக்கும் இதைச் சொல்லி வளத்துடு. அது வாயால, அம்மா வந்தா வண்டி நின்னுடும்னு இன்னொரு தடவை வரக் கூடாது.

கடையில இப்ப மூணு வருஷம்னுதான் சொல்றேன். என் வண்டிப் பேட்டரியில தட்டியிருந்த பொய் வருஷத்தை அரம் வச்சுத் தேச்சுட்டு நிஜ வருஷத்தைத் தட்டியாச்சு. பழைய கிராக்கிங்க, "இன்னா அண்ணாத்தே, அஞ்சு வருஷம்னு ஏத்தி உட்ட, இப்ப எறங்கிட்ட?"ன்னு கிண்டல் பண்றாங்க. அஞ்சுன்னு சொன்னது புளுகுன்னு சொல்லிடறேன். ஏன் அண்ணாத்தே புளுகினன்னு கேக்கிறவனுக்கு உன் கல்யாணக் கதையையும் சொல்றேன். கபூர் பாய் மட்டும் கிண்டல் பண்ணல. டீ வாங்கிக் கொடுத்துட்டுப் போயிட்டாரு.

மாப்பிள்ளைகிட்ட சொல்லு. பழைய கார் வாங்கினா அதுல இருக்கிற பேட்டரியை நம்ப வேணாம், விக்கிறவன் போன வாரந்தான் போட்டேன்னு சூடம் அணைச்சு சொன்னாலும் சரி. ஈயப் பட்டையில வருஷம் பாக்கச் சொல்லு. மூணைத் தாண்டியிருந்தா யோசிக்காம கழட்டச் சொல்லு. ரெண்டரை ஆச்சுன்னா மழைக்காலம் வர்றதுக்கு முன்னாடியே மாத்திடச் சொல்லு, மழையில நனைஞ்சுக்கிட்டு வண்டி தள்ளுறது பாவம். அவர் ஒரு தடவை தள்ளினதே போதும்.

வண்டி வந்ததும் புதுப் பேட்டரி நானே கொண்டு வந்து மாட்டுறேன். உன் மாமியார், மாமனார், தெருவுல இருக்கிறவங்க எல்லாரையும் நிக்க வச்சு, சாவியை உன் கையில கொடுக்கச் சொல்லி மாப்பிள்ளைகிட்ட கேக்கிறேன். நீதான் செல்ஃப் எடுக்கணும். எவனாவது பழைய கதையை எடுத்தா, வண்டி நின்னது எங்கப்பன் வீம்பாலன்னு சத்தமா சொல்லு. நான் பக்கத்துலயே நின்னு ஆமான்னு சொல்றேன். ஆனா நீ கூப்பிடாம இந்தத் தடவை நான் வர மாட்டேன் கண்ணு. வரட்டுமா? ஒரு வரி எழுது.

உன் நைனா